எழுநூற்று நாற்பத்திரண்டு கெஜம்

தீயணைப்பு வண்டிக்குப் புதுப் பம்பு வாங்கத் துப்பாக்கியைப் பரிசாக வைத்துச் சீட்டுக் குலுக்கல் நடத்துவது என்று டோல்சன் ஊரார் முடிவெடுத்து முழுசாக மூன்று மாதம் ஆகியிருந்தது. சீட்டு அச்சடிக்க ஒரு மணி நேரம் போதும். துப்பாக்கி வாங்கிவர அரை மணி நேரம் போதும். அந்தத் துப்பாக்கி எந்தத் தோட்டாவைச் சுடுவதாக இருக்க வேண்டும் என்கிற இடத்தில்தான் எல்லாம் சிக்கிக்கொண்டு கிடந்தது. அமெரிக்காவின் வயோமிங் மலையடிவாரத்தில் எந்த ஊரிலும் இது சிக்கும்தான். ஆனால் டோல்சன்காரர்களுக்கு எதிலும் ஒரு பங்கு வீம்பு அதிகம்.

ஊர் இரண்டாகப் பிரிந்து நின்றது. ஒரு பக்கம் முந்நூறு மேக்னம்காரர்கள். தோட்டா கனமாக இருக்க வேண்டும், உள்ளே மருந்து நிறைய இருக்க வேண்டும், ஒரு முறை சுட்டால் இரண்டு நாளைக்குத் தோள்பட்டை வலிக்க வேண்டும், அப்போதுதான் எதிர்மலையில் நிற்கிற எல்க் மான் சுருண்டு விழும் என்பது அவர்கள் கட்சி. மறுபக்கம் ஆறரைக்காரர்கள். ஆறரை மில்லிமீட்டர் தோட்டா ஒல்லி. ஒல்லி என்பதால் காற்று அதைத் தள்ளாது, தோள் வலிக்காததால் சுடுகிறவன் கண்ணை மூட மாட்டான், வைத்த இடத்தில் போய் உட்காரும் என்பது இவர்கள் கட்சி. இரண்டு கட்சியும் ஒரே தேவாலயத்துக்குத்தான் போகின்றன. ஆனால் வண்டியை வேறு வேறு பக்கம் நிறுத்துவார்கள்.

முந்நூறுக் கட்சிக்குத் தலைவன் டெல்மர் ஹாஸ்கின்ஸ். மாவட்டச் சாலைகளைச் சமன் செய்யும் வண்டியை முப்பது வருடம் ஓட்டி ஓய்வு பெற்றவன். ஆறரைக் கட்சிக்குத் தலைவன் ரஸ்டி. ரஸ்டி வேறு யாருமில்லை, டெல்மரின் மனைவி வெல்டாவின் சொந்தத் தம்பி. பிறகு கேட்கவா வேண்டும்!

பிப்ரவரி கடைசிச் செவ்வாய்க்கிழமை ரூபியின் காப்பிக்கடையில் குலுக்கல் குழு எட்டாவது முறையாகக் கூடியது. டெல்மர் எழுந்து நின்று கையைச் சுவரின் மேல்பக்கம் நீட்டினான். அங்கே ஒரு பெரிய எல்க்கின் தலை கொம்போடு மாட்டியிருந்தது. அதன் கீழே பித்தளைத் தகடு: டெல்மர் ஹாஸ்கின்ஸ், முந்நூறு மேக்னம், 742 கெஜம்.

"நான் ஒண்ணும் பேசப் போறதில்ல. அதோ அது பேசும். எழுநூத்தி நாப்பத்திரண்டு கெஜம்! ஒரே குண்டு! ஆறரை வச்சிருக்கறவன் எவனாவது இப்படி ஒரு தலையக் காட்டட்டும், நான் இந்தத் தொப்பியைத் தின்னுடறேன்."

"மாமா, அந்தத் தலையையே இன்னும் எத்தன வருஷம் காட்டுவ?" என்றான் ரஸ்டி. "அது செத்துப் பதினோரு வருஷம் ஆச்சு. உன் கதையக் கேட்டுக் கேட்டு அதுக்கே அலுத்துப்போச்சு, மூஞ்சியப் பாரு."

"தோட்டாவா மச்சான் அது, நீ வச்சிருக்கறது? பல்குத்துற குச்சி!"

"உன்னோடது பீரங்கி! போன வருஷம் சுடும்போது நீ கண்ண மூடுனத ரெண்டு மைல் தள்ளி நான் பாத்தேன்!"

தீயணைப்புத் தலைவர் ஹார்லன் மேசையில் கரண்டியால் தட்டினார். ஏழு முறை கை தூக்கச் சொல்லிப் பார்த்துவிட்டார். ஏழு முறையும் எட்டுக்கு எட்டு. முந்நூறு என்றால் பாதி ஊர் சீட்டு வாங்காது, ஆறரை என்றால் மறுபாதி வாங்காது. பழைய பம்பு போன கோடையில் ஒரு வைக்கோல் போரை அணைக்கப் போய், தானே புகைந்து வந்து நின்றது.

"நிறுத்துங்கய்யா!" என்று கத்தினார் ஹார்லன். "இந்த ஊர்ல சுட்ட அத்தன மிருகமும் கடைசில எங்க போகுது? வெல்டா கடைக்கு. எந்தத் தோட்டா என்ன செஞ்சுதுன்னு கத்தியப் புடிச்சு உள்ள பாத்தவ அவ ஒருத்திதான். எல்லாத்தையும் நோட்டுல வேற எழுதி வச்சிருக்கா. மார்ச் மாசம் தீயணைப்பு நிலையத்துல நம்ம காலைச் சாப்பாடு நடக்குதுல்ல, அன்னிக்கு அந்த நோட்ட ஊர் முன்னால வாசிக்கச் சொல்லுவோம். எது ஜெயிக்குதோ அதுதான் துப்பாக்கி. சம்மதமா?"

"சம்மதம்!" என்று பதினாறு பேரும் ஒரே குரலில் முழங்கினார்கள். முழங்கி முடித்த கையோடு பதினாறு முகமும் ஒவ்வொன்றாகச் சுருங்கியது. எல்லோரும் காப்பிக் கோப்பைக்குள் எதையோ தேட ஆரம்பித்தார்கள். டெல்மர் சுவரில் இருந்த தலையைப் பார்க்காமல் தொப்பியை எடுத்துக்கொண்டு கிளம்பினான்.

வெல்டாவின் நோட்டு என்றால் சும்மா இல்லை. இருபத்திரண்டு வருடமாக டோல்சனில் வேட்டைக் கறி வெட்டிப் பொட்டலம் கட்டித் தருகிறவள் அவள். ஆரம்பத்தில் இரண்டொரு பேர், "நான் இவ்வளவு பெரிய மிருகத்தக் கொண்டாந்தேன், நீ இத்துனூண்டு கறி தர்றியே, மிச்சம் எங்க?" என்று கேட்டுவிட்டார்கள். மிச்சம் எங்கே? குண்டு பட்டுச் சிதறி ரத்தம் கட்டிப் போய்க் குப்பையில் கிடக்கிறது. வெல்டாவுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அன்றிலிருந்து ஒவ்வொரு மிருகத்துக்கும் எழுத ஆரம்பித்துவிட்டாள்: யார் கொண்டுவந்தது, எந்தத் தோட்டா என்று சொன்னார்கள், எத்தனை கெஜம் என்று சொன்னார்கள், கறி எவ்வளவு கெட்டிருந்தது. கடைசிக் கட்டத்தில், தன் கத்தி என்ன சொல்கிறது என்று ஒரு வரி.

கத்தி பொய் சொல்லாது. அருகிலிருந்து சுட்ட குண்டு வெறிவேகத்தில் வந்து எலும்பில் மோதித் தூள் தூளாகி, தோள்பட்டையையே கூழாக்கிவிடும். தூரத்திலிருந்து வந்த குண்டோ களைத்துப்போய் வந்திருக்கும். சுத்தமாக ஒரு ஓட்டை போட்டுவிட்டு மறுபக்கத் தோலுக்கடியில் உருக்குலையாமல் கிடக்கும். எண்ணூறு கெஜம் என்று ஒருவன் மார்தட்டிக்கொண்டு வந்து இறக்குகிற எல்க்கின் தோள் ஜாம் மாதிரி இருந்தால் வெல்டா ஒன்றும் சொல்வதில்லை. எழுதுவாள், அவ்வளவுதான்.

டெல்மரின் கதையைச் சொல்கிறேன், அவன் ஏன் வெலவெலத்துப் போனான் என்று தெரிய வேண்டுமல்லவா.

பதினோரு வருடத்துக்கு முன்னால் ஒரு அக்டோபரில் அவன் மலைமேல் தனியாகக் கூடாரம் போட்டிருந்தான். ஒருநாள் சாயங்காலம் தின்ற பீன்ஸ் டப்பா மறுநாள் விடிந்ததும் வேலையைக் காட்டியது. வெளிக்குப் போக வேண்டும், அதுவும் அந்த நிமிடமே போக வேண்டும். கரடி நடமாடுகிற மலை, வெறுங்கையோடு போக முடியாது. ஓடுகிற ஓட்டத்தில் கைக்கு அகப்பட்ட துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு ஓடினான். அகப்பட்டது அவனுடைய முந்நூறு இல்லை. அவசரத்துக்கு உதவட்டும் என்று வெல்டா வண்டியில் வைத்து அனுப்பியிருந்த அவளுடைய பழைய ஆறரை. அவளுடைய அப்பா, அவளுக்குப் பதினாறு வயதானபோது வாங்கித் தந்தது.

விழுந்து கிடந்த ஒரு மரத்தின்மேல் கால்சட்டையைக் கணுக்காலுக்கு இறக்கிவிட்டுக் குந்தியிருந்தபோது, எதிரே நாற்பதடி தூரத்தில், வாழ்நாளில் அவன் பார்த்ததிலேயே பெரிய கொம்பன் வந்து நின்றது. நின்று அவனை வேடிக்கை பார்த்தது. டெல்மர் உட்கார்ந்தபடியே சுட்டான். எல்க் விழுந்தது. சந்தோஷத்தில் எழுந்து ஓடப்பார்த்து அவனும் விழுந்தான்.

இரண்டு நாள் கறியைக் குதிரையில் ஏற்றி இறக்கும்போதெல்லாம் இந்தக் கதையை வெல்டாவிடம் எப்படிச் சொல்வது என்று தனக்குள் சிரித்துக்கொண்டேதான் வந்தான். உண்மையாகவே சொல்லத்தான் நினைத்தான். ஆனால் ஊர் எல்லையில் பெட்ரோல் போட நிறுத்தினானே, அங்கே கொம்பைப் பார்த்து நாலு பேர் கூடிவிட்டார்கள். "முந்நூறா?" என்றான் ஒருவன். டெல்மர் "ம்" என்றான். "எவ்வளவு தூரம்?" என்றான் இன்னொருவன். ஐந்நூறு, அறுநூறு என்று முழுசாகச் சொன்னால் புளுகு மாதிரி இருக்கும் என்று வாய்க்கே தோன்றியிருக்க வேண்டும். "எழுநூத்தி நாப்பத்திரண்டு" என்றது அது. கடைசியில் ஒட்டிக்கொண்ட அந்த இரண்டுதான் ஊரையே நம்ப வைத்தது.

அத்தோடு விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. அந்தக் குளிர்காலத்தில் ஒருநாள் ரூபி கடையில் பேச்சு வெல்டாவின் துப்பாக்கி பக்கம் திரும்பியது. "கொசு அடிக்கத்தான் அது லாயக்கு" என்று டெல்மர் சொன்னான். கடையே சிரித்தது. எல்லோரையும்விட அவன்தான் சத்தமாகச் சிரித்தான். வெல்டா அதே மேசையில் உட்கார்ந்து காப்பியைக் கலக்கிக்கொண்டிருந்தாள். அன்று சாயங்காலம் துப்பாக்கியைப் போர்வையில் சுற்றி அலமாரியின் மேல்தட்டில் வைத்தாள். அதற்குப் பிறகு அவள் மலைக்கே போகவில்லை. கேட்டால், "அக்டோபர்ல கடையில வேல கெடக்கு" என்பாள். வேலையால் இல்லை என்று டெல்மருக்குத் தெரியும். அந்த நினைப்பு வரும்போதெல்லாம் அவனுக்கு வெட்கமாக இருக்கும். வெட்கம் வந்தால் இன்னும் சத்தமாக முந்நூறைப் பற்றிப் பேசுவான்.

இதுதான் சமாச்சாரம். ஊர் சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும். வெல்டா அந்த நோட்டில் என்ன எழுதியிருக்கிறாள், அவளுக்கு எவ்வளவு தெரியும், அதுதான் டெல்மருக்குத் தெரிய வேண்டும். தெரிந்துகொள்ளவும் பயம்.

புதன்கிழமை காலையிலேயே கடையின் பின்கதவு தட்டப்பட்டது. டெல்மர் குளிர் அறைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கறி அரைக்கும் இயந்திரத்தைக் கழுவிக்கொண்டிருந்தான். வந்தவர் பாஸ்டர் நூட்சன்.

"வெல்டா, போன வருஷம் நான் ஒரு பெண் எல்க் கொண்டாந்தேன்ல."

"ஆமா பாஸ்டர். அறுநூறு கெஜம்னு சொன்னீங்க. அத வச்சு விசுவாசத்தப் பத்தி ஒரு பிரசங்கம்கூடப் பண்ணுனீங்களே."

பாஸ்டர் தொப்பியைக் கையில் எடுத்துத் திருப்பினார், திரும்பவும் திருப்பினார். "அது வந்து... அறுபது."

"தெரியும்."

"வாசிக்கும்போது அத மட்டும்..."

"அழிச்சிடறேன் பாஸ்டர். காஞ்ச கறி ரெண்டு துண்டு எடுத்துக்கோங்க, நேத்துதான் போட்டேன்."

வியாழக்கிழமை ஹார்லன். நோட்டை வாசிக்க வேண்டும் என்று கரண்டியால் தட்டிய அதே ஹார்லன்!

"என் எல்க் இருக்குல்ல வெல்டா... அத நான் சுடல. என் பொண்டாட்டி சுட்டா."

"தெரியும். கழுத்துல ஒரே குண்டு. நீ சுட்டிருந்தா மூணு இருக்கும், அதுல ரெண்டு பின்னங்கால்ல."

வெள்ளிக்கிழமை மூன்று பேர். சனிக்கிழமை வரிசையே நின்றது. இன்னொருவன் நிற்பதைப் பார்த்தால், வண்டிச் சக்கரத்தில் காற்று குறைந்ததுபோல் குனிந்து உட்கார்ந்துகொள்வார்கள். எல்லோருக்கும் ஒரே பதில், "தெரியும்". பென்சிலால் ஒரு கோடு. காய்ந்த கறி இரண்டு துண்டு.

ரஸ்டி திங்கட்கிழமை வந்தான். டெல்மர் இயந்திரத்தை நிறுத்திவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டான்.

"அக்கா, அந்த எண்ணூத்திப் பத்து கெஜம்..."

"அது படுத்திருந்துச்சா ரஸ்டி?"

"...தூங்கிட்டு இருந்துச்சு."

"குண்டு மேலேருந்து நேரா கீழ எறங்கியிருக்கு. நீ அது மேல ஏறி நின்னு சுட்டியோன்னு எனக்கு ஒரு சந்தேகம் இருந்துச்சு."

"அக்கா! மாமாகிட்ட மட்டும் சொல்லிடாத. மானம் போயிடும்."

இயந்திரத்துக்குப் பின்னால் டெல்மர் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினான். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. சிரித்து முடித்த பிறகுதான் அவனுக்கு உறைத்தது. ஊரே வந்து போய்விட்டது. வராதவன் தான் ஒருவன்தான்.

கேட்டுவிடலாம் என்றுதான் ஒவ்வொரு நாளும் எழுந்தான். மற்றவர்களுக்குப் பின்கதவு இருந்தது. பொண்டாட்டியோடு ஒரே வீட்டில் இருக்கிறவன் எந்தக் கதவைத் தட்டுவது? ஒருநாள் கேட்காமலேயே எல்லாப் பாத்திரத்தையும் கழுவி வைத்தான். வெல்டா அடுப்படிக்கு வந்து பார்த்துவிட்டு, "உடம்புக்கு என்ன?" என்றாள். இன்னொரு நாள் சாப்பாட்டு மேசையில் தொண்டையைச் செருமி, "வெல்டா, உங்கிட்ட ஒண்ணு..." என்று ஆரம்பித்தான். அவள் முள்கரண்டியைக் கீழே வைத்துவிட்டு அவன் முகத்தையே பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். "உப்பு" என்றான் டெல்மர். உப்பு அவன் முன்னால்தான் இருந்தது. அவள் அதை இன்னும் ஒரு விரல்கடை அவன் பக்கம் நகர்த்திவிட்டுச் சாப்பிடத் தொடங்கினாள்.

அந்தச் சனிக்கிழமையும் வந்தது. தீயணைப்பு வண்டியை வெளியே நிறுத்திவிட்டு உள்ளே நீள நீளமாக மேசை போட்டிருந்தார்கள். பான்கேக்கும் எல்க் சாசேஜும் மணந்தன. ஊரில் நடக்க முடிந்த அத்தனை பேரும் வந்திருந்தார்கள். முந்நூறுக்காரர்கள் ஜன்னல் பக்கம், ஆறரைக்காரர்கள் சுவர்ப் பக்கம். யாருக்கும் சாப்பாடு இறங்கவில்லை. ஓரத்து மேசையில் பள்ளிப் பேருந்து ஓட்டுகிற பெனாட் இரிபெரி மட்டும் ஐந்தாவது பான்கேக்கை ஒரு பிடி பிடித்துக்கொண்டிருந்தான். அவன் எந்தக் கட்சியிலும் இல்லை. அவனிடம் யாரும் எதையும் கேட்டதும் இல்லை.

வெல்டா துவைத்த ஏப்ரன் கட்டி வந்து நடுவில் நின்றாள். பாக்கெட்டிலிருந்து நோட்டை எடுத்தாள். இதற்குமுன் அவள் இத்தனை பேருக்கு முன்னால் பேசியதே கிடையாது.

"போன பத்துப் பன்னெண்டு வருஷத்துல ஐந்நூறு கெஜத்துக்கு மேலன்னு சொல்லியோ, தூரம்னு சொல்லியோ எங்கிட்ட மிருகம் கொண்டாந்தவங்க இதுல நாப்பத்தேழு பேர்" என்றாள். "அதுல நாப்பத்தாறு பேர் இந்த ரெண்டு வாரத்துல பின்கதவு வழியா வந்துட்டுப் போயிட்டாங்க. அவங்க பேர அழிச்சாச்சு. யாருன்னு சொல்ல மாட்டேன்."

கூடம் முழுக்க ஒரு பெருமூச்சு விட்டது. விட்ட மூச்சு பாதியில் நின்றது. ஜன்னல் பக்கம் சுவர்ப் பக்கத்தைப் பார்த்தது. சுவர்ப் பக்கம் ஜன்னல் பக்கத்தைப் பார்த்தது. நாற்பத்தாறு பேரா!

"ஒருத்தர் மட்டும் வரல" என்றாள் வெல்டா. "அதனால அவரு பேர வாசிக்கறேன்."

டெல்மர் நாற்காலியைப் பின்னால் தள்ளினான். அவள் வாயால் அதை வாசிக்க வேண்டும், அவளுடைய துப்பாக்கி சுட்டதை அவளே படிக்க வேண்டும், ஊர் அவளையும் சேர்த்துப் பார்த்துச் சிரிக்கும். இன்னொரு தரம் அவளை நடுவில் உட்காரவைத்துச் சிரிப்பதா? அவன் எழுந்த வேகத்தில் சர்க்கரைப் பாகுக் குடுவை சரிந்து மடியில் கொட்டியது.

"வாசிக்காத வெல்டா! நானே சொல்லிடறேன்."

வெல்டா நோட்டிலிருந்து நிமிர்ந்தாள்.

"எழுநூத்தி நாப்பத்திரண்டெல்லாம் இல்ல. நாப்பது. கெஜம்கூட இல்ல, அடி. அதுகிட்ட நான் பதுங்கிக்கூடப் போகல, அதுவாதான் வந்துச்சு. நான் வெளிக்குப் போயிருந்தேன். கால்சட்ட கீழ கெடந்துச்சு. வேட்டைக்காரன் போடணும்கற ஆரஞ்சுத் தொப்பி மட்டும் சட்டப்படி தலையில இருந்துச்சு."

பெனாட்கூடப் பான்கேக்கை வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தான்.

"முந்நூறு கூடாரத்துல கெடந்துச்சு. சுட்டது வெல்டாவோட துப்பாக்கி. அவ அப்பா வாங்கித் தந்த ஆறரை. அது கொசு அடிக்கத்தான் லாயக்குன்னு ரூபி கடையில சொன்னேன். நீங்கள்லாம் சிரிச்சீங்க, நான் உங்களவிடப் பெருசா சிரிச்சேன். அப்புறம் அவ மலைக்கே வரல. பதினோரு வருஷமாச்சு." அவன் வெல்டா பக்கம் திரும்பினான். "எனக்கு வெக்கமா இருக்கு வெல்டா. தப்புப் பண்ணிட்டேன்."

முதலில் சிரித்தது பாஸ்டர்தான். பிறகு கூடமே வெடித்தது. மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தார்கள்; மாட்டாமல் தப்பித்த நாற்பத்தாறு பேரின் சிரிப்பும் அதில் சேர்ந்திருந்தது. ரஸ்டி நாற்காலிமேல் ஏறிவிட்டான்.

"ஆறரை! கேட்டீங்களா எல்லாரும்? ரூபி கடைத் தலை எங்களுது! மாமா, தொப்பியத் தின்னு!"

"ரஸ்டி, எறங்கு" என்றாள் வெல்டா. "உன் பேர அழிச்சுதான் இருக்கேன். பென்சிலாலதான் அழிச்சேன், இன்னும் நல்லாப் படிக்க முடியுது."

ரஸ்டி இறங்கினான். இறங்கியதோடு ஒரு பான்கேக்கையும் வாயில் திணித்துக்கொண்டான்.

"முடிஞ்சுதா? இப்பவாவது வாசிக்கலாமா?" வெல்டா நோட்டைப் பார்த்தாள். "பெனாட் இரிபெரி."

டெல்மர் பாகு சொட்டச் சொட்ட நின்றான். வாய் திறந்தது, மூடவில்லை.

"தோட்டா, முப்பது சைபர் ஆறு. தூரம், 'கொஞ்சம் தூரம்தான்'னு சொன்னாரு. கெட்ட கறி, ஒரு கைப்பிடி. குண்டு மறுபக்கத் தோலுக்கடியில முழுசாக் கெடச்சுது, கொஞ்சம்தான் விரிஞ்சிருந்துச்சு. என் கத்திக்குத் தெரிஞ்ச வரைக்கும் ஐந்நூறுக்குக் கொறையாது. இந்த நோட்டுலயே நெசமான தூரம் இது ஒண்ணுதான்."

எல்லாத் தலையும் ஓரத்து மேசைப் பக்கம் திரும்பியது. முப்பது சைபர் ஆறா! தாத்தா காலத்துத் தோட்டா. அதற்காக வாதாட இந்த ஊரில் ஒருவனும் இல்லை.

"பெனாட், எத்தன கெஜம்யா அது?" என்றார் ஹார்லன்.

பெனாட் வாயைத் துடைத்துக்கொண்டு யோசித்தான். "அளக்கல. நடந்து போய்ச் சேர ரொம்ப நேரம் ஆச்சு."

குலுக்கல் துப்பாக்கி முப்பது சைபர் ஆறு என்று அங்கேயே முடிவானது. இரண்டு கட்சிக்கும் அது அடியோடு பிடிக்கவில்லை; எதிர்க்கட்சி ஜெயிக்கவில்லையே என்ற நிம்மதியில் இரண்டு கட்சியும் சீட்டை வாங்கித் தள்ளின.

வீட்டுக்குப் போகும்போது வண்டியை வெல்டா ஓட்டினாள். டெல்மர் மடியில் பழைய செய்தித்தாளை விரித்து அதன்மேல் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பாலம் தாண்டியதும் டெல்மர் ஆரம்பித்தான்.

"நீ என் பேரத்தான் வாசிக்கப் போறன்னு நெனச்சேன்."

"அந்த நோட்டுல உன் பக்கம் இல்ல."

"எழுதலயா?"

"எழுதுனேன். கிழிச்சிட்டேன்."

"அப்ப உனக்குத் தெரியுமா? எப்பலேருந்து?"

"வெட்டுன அன்னிக்கே. தோளு கூழா இருந்துச்சு. குண்டோட அடிப்பாகம் எலும்புல மாட்டிக் கெடந்துச்சு. எங்கப்பா கொடுத்த துப்பாக்கியோட குண்டு எனக்குத் தெரியாதா டெல்மர்?"

டெல்மர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தான். வேலிக்கம்பங்கள் ஓடின. "ஏன் ஒரு வார்த்த கேக்கல?"

"நீயே வந்து சொல்லுவன்னு இருந்தேன். மொத வாரம் பூரா காத்திருந்தேன். அப்புறம் ரூபி தலைய மாட்டுனா, தகடு வந்துச்சு. அப்புறம் அந்தக் கொசு." அவள் கியரை மாற்றினாள். "எனக்கு அழுகையா வந்துச்சு. அந்தத் துப்பாக்கியால சுட்டத நெனச்சு எனக்கு எவ்வளவு பெருமையா இருந்துச்சு தெரியுமா? வெட்டிட்டு இருக்கும்போதே பாட்டுப் பாடுனேன், கடையில யாருமில்லாத நேரத்துல."

"அப்புறம் ஏன் கிழிச்ச?"

"எனக்கு ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா அந்த நோட்ட எவனாவது எடுத்துப் படிப்பான்ல. உன்னப் பாத்துச் சிரிப்பாங்க. உன்னப் பாத்து மத்தவங்க சிரிக்கறது எனக்குப் புடிக்காது."

டெல்மர் அழுதுவிட்டான். ஐம்பத்தொன்பது வயது ஆள், சட்டையெல்லாம் சர்க்கரைப் பாகு, தேம்பித் தேம்பி அழுதான். வெல்டா ஒரு கையால் ஓட்டிக்கொண்டு மறுகையால் அவன் முதுகில் இரண்டு தட்டுத் தட்டினாள், கை ஒட்டிக்கொண்டது.

"இந்த அக்டோபர்ல கடைய நீ பாத்துக்கோ" என்றாள். "நான் மலைக்குப் போறேன்."

பார்த்துக்கொண்டான். அக்டோபர் முதல் வாரத்தில் கறிக்கடை என்றால் என்ன என்று டெல்மருக்கு அப்போதுதான் தெரிந்தது. வாசலில் பன்னிரண்டு வண்டி. ஒருவனுக்குச் சாசேஜில் மிளகு அதிகம் வேண்டும், ஒருவனுக்கு மிளகே கூடாது. பொட்டலத்தில் பெயர் மாற்றி எழுதிப் பாஸ்டரின் கறி ரஸ்டியின் வீட்டுக்குப் போனது. இரண்டு விரலில் கட்டு. ராத்திரி படுத்தால் காலையில் கை மடங்கவில்லை. இதை அவள் இருபத்திரண்டு வருடம் தனியாகச் செய்தாளே என்று நினைத்தான். நினைத்துக்கொண்டே நான்காவது வாடிக்கையாளரிடம் திட்டு வாங்கினான்.

ஐந்தாம் நாள் மத்தியானம் வெல்டா வந்தாள். வண்டியின் பின்னால் நல்ல கொழுத்த பெண் எல்க் ஒன்று, நான்கு கூறாக, வெள்ளைத் துணிப் பைகளில். முன்னிருக்கையில் போர்வை சுற்றாத ஆறரை. முகமெல்லாம் வெயிலிலும் குளிரிலும் சிவந்து, தலைமுடியில் பைன் மர ஊசியிலை சொருகி, பத்து வயது குறைந்தவள்போல் இறங்கினாள்.

வரிசையில் நின்றவர்கள் வரிசையை விட்டுவிட்டு வண்டியைச் சூழ்ந்துகொண்டார்கள். முந்நூறு, ஆறரை, இப்போது புதிதாக முளைத்திருந்த முப்பது சைபர் ஆறு, எல்லாக் கட்சியும் இருந்தது. ஒருவருக்கும் அவளிடம் கேட்க வாய் வரவில்லை. எல்லோரும் டெல்மரைப் பார்த்தார்கள். டெல்மர் ஏப்ரனில் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தான். கேட்கக் கூடாது என்று எவ்வளவோ அடக்கிப் பார்த்தான். முடியவில்லை.

"வெல்டா... எத்தன கெஜம்?"

வெல்டா கனமான தோள்பட்டைப் பையை அவன் கையில் தூக்கி வைத்தாள்.

"வெட்டப் போறது நீதானே? பாத்து நீயே சொல்லு" என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போனாள்.